ஜோகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பணி: வரியை எங்கே கட்டுவது?

விடியற்காலைப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியக் குடிமகன். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ஸ்கூடாயில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். 2023 ஜனவரி முதல் சிங்கப்பூர் துவாஸ் வட்டாரத்தில் உள்ள ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் பணிபுரிந்து வருகிறேன். மாதச் சம்பளம் 5,200 சிங்கப்பூர் வெள்ளி. அதிகாலை நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் இரண்டாவது இணைப்புப் பாலத்தைக் கடந்து ஆறேகாலுக்குள் அலுவலகம் சேர்ந்துவிடுவேன். இரவு எப்போதும் ஸ்கூடாயில்தான். சிங்கப்பூரில் எனக்கு வாடகை அறைகூடக் கிடையாது.

முதல் இரண்டு ஆண்டுகளில் வரியைப் பற்றி நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நிறுவனமே என் சம்பள விவரத்தைச் சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பிவிடும். ஏப்ரலில் இணையத்தில் நுழைந்து, விவரம் சரியா என்று பார்த்து, ஒப்புதல் கொடுத்து, தொகையை கைரோ என்ற தானியங்கி வங்கிக் கழிப்பு வழியாக மாதத் தவணைகளில் கட்டிவிடுவேன். மலேசியாவில் தம்போயில் எனக்கு ஒரு சிறிய அடுக்குமாடி வீடு இருக்கிறது. அதன் வாடகையை மட்டும் மலேசிய வருமான வரிக்கான பிஇ படிவத்தில் காட்டி வந்தேன்.

2025 ஜனவரியில் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. சம்பளம் மாறவில்லை, அதே சிங்கப்பூர் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. மனைவி மகிழ்ந்தார், முதுகு வலி குறைந்தது. வரியைப் பற்றிய நினைப்பே அப்போது எனக்கு இல்லை. சென்ற வாரம் உணவு இடைவேளையில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியபோதுதான், உடன் பணிபுரியும் மலேசியர்கள் மூவர் மூன்று விதமாகச் சொன்னார்கள். சிங்கப்பூர் முதலாளி கொடுக்கும் சம்பளத்துக்குச் சிங்கப்பூரில் மட்டுமே வரி என்றார் ஒருவர். மலேசியாவில் 182 நாளுக்கு மேல் இருப்பதால் முழுச் சம்பளத்துக்கும் மலேசியாவிலும் வரி உண்டு என்றார் இன்னொருவர். பணத்தை மலேசியாவுக்குள் மாற்றாமல் சிங்கப்பூர் வங்கியிலேயே வைத்திருந்தால் ஒருவரும் கேட்க முடியாது என்பது மூன்றாமவரின் கட்சி.

இந்த மூன்றில் எது சரி? 2025ஆம் ஆண்டுக்கான படிவங்களை இரண்டு நாடுகளிலும் நிரப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்த நாள்களை நான் எங்கேயாவது தனியாகக் காட்ட வேண்டுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடற்பாலம்88 எழுதியது:

கவலைப்படாதீர்கள். பத்து ஆண்டுகளாக நான் இப்படித்தான் போய் வருகிறேன். சிங்கப்பூரில் வரி கட்டிவிட்டால் மலேசியாவில் ஒன்றும் இல்லை. வெளிநாட்டு வருமானத்துக்கு 2036ஆம் ஆண்டு வரை விலக்கு கொடுத்திருக்கிறார்கள். தவிர, 183 நாள் விதி ஒன்றும் இருக்கிறது. நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்வது ஆண்டுக்கு நூறு நாள்கூட வராது. அதனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பேரேட்டுக்காரர் எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி, உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை நேராகப் பள்ளத்தில் இறக்கிவிடும். நான் ஜோகூர் பாருவில் கணக்காளர். எல்லை கடந்து வேலை செய்வோரின் படிவங்களை ஆண்டுதோறும் பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் நண்பர்கள் மூவரும் கேட்ட கேள்விகள் இவை: சம்பளம் யார் கொடுக்கிறார், நீங்கள் எங்கே தங்குகிறீர்கள், பணம் எந்த வங்கியில் கிடக்கிறது. சம்பளத்தைப் பொறுத்தவரை சட்டம் முதலில் கேட்பது வேறொன்று. அந்த வேலையைச் செய்த நேரத்தில் உங்கள் உடல் எந்த மண்ணில் இருந்தது? மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 13ஆம் பிரிவில், மலேசியாவில் இருந்தபடி செய்யும் வேலைக்குக் கிடைக்கும் சம்பளத்தை மலேசியாவில் எழுந்த வருமானம் என்றே கொள்கிறது. முதலாளி எந்த நாட்டவர், சம்பளம் எந்த நாணயத்தில், எந்தக் கணக்கில் என்பவற்றால் அது மாறாது. ஆகவே செவ்வாய்க்கிழமை துவாஸில் அமர்ந்து சம்பாதித்தது சிங்கப்பூர் வருமானம். வெள்ளிக்கிழமை ஸ்கூடாய் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து சம்பாதித்தது மலேசிய வருமானம். ஒரே சம்பளச் சீட்டுக்குள் இரண்டு நாட்டு வருமானம் இருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் 2036 விலக்கு எதற்குப் பொருந்தும் என்பது விளங்கும். வெளிநாட்டில் எழுந்து மலேசியாவுக்குள் கொண்டுவரப்படும் வருமானத்துக்கு இருந்த பழைய விலக்கை, மலேசியாவில் வசிப்போருக்கு 2022 ஜனவரி 1 முதல் நீக்கினார்கள். பிறகு தனிநபர்களுக்கு மட்டும் 2026 இறுதிவரை விலக்களித்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 2036 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அந்த வருமானம் எழுந்த நாட்டில் வரிக்கு உட்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நீங்கள் துவாஸுக்குப் போய் வேலை செய்த நாள்களின் சம்பளம் இந்த விலக்குக்குள் அழகாகப் பொருந்தும். வீட்டிலிருந்து வேலை செய்த நாள்களின் சம்பளம் பொருந்தாது, ஏனெனில் அது வெளிநாட்டு வருமானமே அல்ல. அதைச் சிங்கப்பூர் வங்கியிலேயே விட்டு வைத்தாலும் நிலை அதுதான். உள்ளே கொண்டுவந்தால்தான் வரி என்ற பேச்சு வெளிநாட்டு வருமானத்துக்கு மட்டுமே உரியது.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற 183 நாள். இந்த எண்ணும் அதை ஒட்டிய 182உம் வெவ்வேறு இடங்களில் வருவதால் ஆள் ஆளுக்கு ஒன்றை எடுத்து இன்னொன்றில் ஒட்டிவிடுகிறார்கள். இரு நாடுகளுக்கும் இடையிலான வரி ஒப்பந்தத்தில் உள்ள 183 நாள் விலக்கு, ஒரு நாட்டில் வசிப்பவர் மற்ற நாட்டுக்குச் சிறிது காலம் போய் வேலை செய்யும்போது பயன்படுவது. நீங்கள் மலேசியாவில் வசிப்பவர். மலேசியாவிலேயே வேலை செய்த நாள்களுக்கு மலேசியாவிடம் அந்த விலக்கைக் கேட்க முடியாது. மலேசியச் சட்டத்தில் உள்ள 60 நாள் குறுகிய கால விலக்கும் அப்படித்தான். அது மலேசியாவில் வசிக்காதவர்களுக்கு மட்டும். உங்களுக்கு அது ஒரு நாள் ஆனாலும் கணக்குதான், நூறு நாள் ஆனாலும் கணக்குதான்.

வசிப்பிடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலேசியச் சட்டத்தில் ஒரு நாளின் ஏதேனும் ஒரு பகுதியில் நாட்டுக்குள் இருந்தாலும் அது முழு நாளாகவே எண்ணப்படும். நாலரை மணிக்கு வண்டியை எடுத்தீர்கள் என்றால் அந்த நாள் ஏற்கெனவே மலேசியாவின் கணக்கில் ஏறிவிட்டது. 182 நாளை நீங்கள் எளிதாகத் தாண்டுகிறீர்கள். சிங்கப்பூரோ, அங்கே தங்கியிருக்காவிட்டாலும், ஓராண்டில் 183 நாள் அங்கே வேலையில் இருந்தாலே உங்களை வரி வசிப்பாளராக எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணிக்கையில் வார இறுதியும் பொது விடுமுறையும் சேரும். ஆக, ஒரே ஆண்டில் இரண்டு நாடுகளும் உங்களை வசிப்பாளர் என்கின்றன. இதைக் கேட்டுப் பலர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. வசிப்பாளர் என்பது தண்டனை அல்ல. இரண்டு பக்கமும் அது உங்களுக்குச் சாதகமே. மலேசியாவில் வசிக்காதவராக இருந்தால் நிவாரணம் எதுவுமின்றி 30 விழுக்காடு. சிங்கப்பூரில் வசிக்காதவராக இருந்தால் சம்பளத்துக்கு 15 விழுக்காடு, அல்லது வசிப்பாளருக்கான படிநிலை விகிதம், இவற்றில் எது அதிகமோ அது.

இரண்டு நாடுகளும் ஒரே பகுதிக்கு வரி கேட்டால் என்ன செய்வது என்பதற்காகத்தான் 2004இல் கையெழுத்தான மலேசிய–சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதில் இரு நாடுகளில் எது முதன்மை என்று முடிவு செய்ய, நிரந்தர வீடு எங்கே என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் வீடு இருந்தால்தான் குடும்பம், உடைமை, தொழில் உறவுகள் எங்கே நெருக்கம் என்று போவார்கள். உங்களுக்கு வீடு ஒரே பக்கம். முதல் கேள்வியிலேயே முடிந்தது: ஒப்பந்தத்தின் கண்ணில் நீங்கள் மலேசிய வசிப்பாளர். அப்படியானால் சிங்கப்பூர் தன் மண்ணில் செய்யப்பட்ட வேலைக்கு மட்டுமே வரி விதிக்கலாம். கிழமை நாள்களில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அறை எடுத்துத் தங்கும் சக ஊழியர் யாரேனும் இருந்தால் அவருக்கு இவ்வளவு எளிதாக விடை கிடைக்காது; அவர் தன் வழக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் சிக்கல் இருப்பது இங்கேதான். உங்கள் நிறுவனம், ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தை ஆணையத்துக்குத் தெரிவிக்கும் ஐஆர்8ஏ விவரத்தில் முழு 62,400 வெள்ளியையும் சிங்கப்பூர்ச் சம்பளமாகவே அனுப்பியிருக்கும். வீட்டிலிருந்து செய்த வேலையைச் சிங்கப்பூர் வேலையின் ஒரு துணைப் பகுதி என்று ஆணையம் கருதவும் கூடும். நீங்கள் ஏதும் சொல்லாமல் ஒப்புதல் கொடுத்தால் முழுத் தொகைக்கும் அங்கே வரி. மலேசியாவிலும் வீட்டு நாள்களுக்கு வரி. பிறகு மலேசியாவிடம் போய், சிங்கப்பூரில் கட்டியதைக் கழித்துக்கொடுங்கள் என்று 132ஆம் பிரிவின்கீழ் கேட்பது தவறான கதவைத் தட்டுவதாகும். அந்த வரிக் கழிவு வெளிநாட்டில் எழுந்த வருமானத்துக்கு உரியது. வீட்டு நாள்களின் சம்பளத்தை மலேசியா தன் வருமானம் என்கிறதே! தட்ட வேண்டியது சிங்கப்பூரின் கதவை. மலேசிய உள்நாட்டு வருவாய் வாரியத்திடம் வரி வசிப்புச் சான்றிதழ் பெற்று, நாள் கணக்கை இணைத்து, இந்தப் பகுதி ஒப்பந்தப்படி சிங்கப்பூர் வரிக்கு உட்படாது என்று ஆணையத்துக்கு எழுத வேண்டும். நிறுவனம் அந்த நாள் கணக்கை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது.

கடற்பாலம்88 எழுதியது:

நான் தினமும் போய் வருபவன், வீட்டிலிருந்து வேலை செய்ததே இல்லை. அதனால் என் அனுபவத்தை வைத்துப் பேசிவிட்டேன், திருத்தியதற்கு நன்றி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இத்தனை பேர் இப்படி வேலை செய்கிறார்கள். யாருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பேரேட்டுக்காரர் எழுதியது:

மேசையைப் பார்க்க வர மாட்டார்கள். ஆனால் 2018 முதல் இரு நாடுகளும் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ளும் உலகளாவிய ஏற்பாட்டில் இருக்கின்றன. மலேசியாவில் வரி வசிப்பாளராக உள்ளவரின் சிங்கப்பூர் வங்கி இருப்பு, ஆண்டுக்கு ஒருமுறை மலேசிய வாரியத்தின் மேசைக்குப் போகிறது. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று ஒரு கடிதம் வந்தால் பதில் வைத்திருக்க வேண்டும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியது வழக்காகப் போனால் 113ஆம் பிரிவில் 1,000 முதல் 10,000 ரிங்கிட் வரை அபராதம், அதற்கு மேல் விடுபட்ட வரியின் இரு மடங்கு. கூடுதல் மதிப்பீட்டுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வரம்பு உண்டு. அலட்சியம் அல்லது வேண்டுமென்றே மறைத்தது என்றால் அந்த வரம்பும் கிடையாது. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உண்மையில், சரியாகப் பிரித்துக் காட்டினால் பலருக்கு மொத்த வரி குறையவே செய்கிறது. கேள்வி கேட்டவர் தன் நாள் கணக்கைச் சொன்னால் போட்டுக் காட்டுகிறேன்.

விடியற்காலைப் பயணி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மிக்க நன்றி, ஐயா. நேற்று இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கடப்பிதழில் முத்திரை ஏதும் இல்லை. தானியங்கி வாயில் வந்த பிறகு ஒருவரும் குத்துவதில்லை. அலுவலகக் கதவில் தட்டும் அட்டையின் பதிவைத்தான் மனிதவளப் பிரிவிடம் கேட்டு வாங்கினேன். விடுப்பு போக 240 வேலை நாள். அதில் 144 நாள் அட்டை தட்டியிருக்கிறேன். மீதி 96 நாள் ஸ்கூடாயில். என் நினைவில் எழுபது, எண்பது இருக்கும் என்றுதான் இருந்தது.

மனைவி ஆசிரியை. பிள்ளைகளுக்கான நிவாரணத்தை அவரே தன் படிவத்தில் கேட்டுக்கொள்கிறார். வாடகையை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுச் சம்பளத்துக்கு மட்டும் கணக்குச் சொன்னால் போதும்.

பேரேட்டுக்காரர் எழுதியது:

240இல் 96 என்றால் சரியாக நாற்பது விழுக்காடு. கணக்குப் போடுவதற்கென்றே வேலை செய்தது போல இருக்கிறது.

முழுச் சம்பளமும் சிங்கப்பூரில் வரிக்கு உட்பட்டால்: 62,400இல் உழைப்பு வருமான நிவாரணம் 1,000 கழித்து 61,400. முதல் 40,000க்கு 550 வெள்ளி, மீதி 21,400க்கு 7 விழுக்காட்டில் 1,498. மொத்தம் 2,048 வெள்ளி. வேறு நிவாரணங்களை நான் சேர்க்கவில்லை.

பிரித்தால் சிங்கப்பூருக்கு 37,440. அதில் 1,000 கழித்து 36,440. முதல் 30,000க்கு 200, மீதி 6,440க்கு 3.5 விழுக்காடு. சுமார் 425 வெள்ளி. மலேசியாவுக்கு 24,960 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 3.30 ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 82,368 ரிங்கிட். தனிநபர் நிவாரணம் 9,000 போக 73,368. முதல் 70,000க்கு 3,700 ரிங்கிட், அதற்கு மேலுள்ள 3,368க்கு 19 விழுக்காட்டில் 640. ஏறத்தாழ 4,340 ரிங்கிட், அதாவது 1,315 வெள்ளி. இரண்டையும் கூட்டினால் 1,740 வெள்ளி. முழுவதும் சிங்கப்பூரில் கட்டுவதைவிட முந்நூறு வெள்ளி குறைவு. காரணம் எளிது. இரண்டு நாட்டிலும் கீழ்ப்படிகளில் விகிதம் சிறியது. உங்கள் சம்பளம் இரண்டு ஏணிகளின் கீழ்ப்படிகளையும் பயன்படுத்திக்கொள்கிறது. தம்போய் வாடகையைச் சேர்த்தால் அது மலேசிய ஏணியில் மேல்படியில்தான் உட்காரும் என்பதால் இந்த வித்தியாசம் சுருங்கலாம். வாடகையில் வீட்டுக் கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, நில வரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்க மறக்காதீர்கள். முதல் வாடகைதாரரைத் தேடித் தந்த முகவருக்குக் கொடுத்த கட்டணத்தைக் கழிக்க முடியாது.

ஒன்றும் செய்யாமல் விட்டால்தான் நட்டம். சிங்கப்பூரில் 2,048, மலேசியாவில் 1,315, கூடி 3,363 வெள்ளி.

இன்னொரு எச்சரிக்கை. நிறுவனம் நாளைக்கு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். வீட்டு நாள்களை எல்லாம் சிங்கப்பூர் வேலை அல்ல என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, அங்கே எண்ணப்படும் நாள் 183ஐ எட்டாமல் போகக்கூடும். அப்போது நிவாரணம் போய் 15 விழுக்காடு வந்து நிற்கும். இப்போதைய 37,440 வெள்ளிக்கே அது 5,616. உங்கள் 96 நாளைக் கழித்தாலும் 269 நாள் மிஞ்சுகிறது. இந்த ஆண்டு அந்த ஆபத்து இல்லை.

காகிதங்களில் ஆண்டின் பெயர் குழப்பும். 2025இல் சம்பாதித்ததை மலேசியா 2025 மதிப்பீட்டு ஆண்டு என்கிறது, சிங்கப்பூர் 2026 மதிப்பீட்டு ஆண்டு என்கிறது. ஒரே ஆண்டுப் பெயர் உள்ள இரண்டு காகிதங்களை ஒன்றாகப் பின் குத்திக் கொண்டுவந்து கொடுப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். சிங்கப்பூருக்கு ஏப்ரல் 18 கடைசி நாள். மலேசிய பிஇ படிவத்துக்கு ஏப்ரல் 30. மின்வழித் தாக்கலுக்கு மே 15 வரை அவகாசம் தருவது வழக்கம். சிங்கப்பூரின் வரி மதிப்பீட்டு அறிவிப்பு அதற்குள் கைக்கு வராமலும் போகலாம். வந்ததும் சேர்த்து ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள். துவாஸ் சம்பளத்துக்கு விலக்குக் கேட்க அதுதான் சாட்சி.

பழைய ஆறாம் மாடி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், என்றைக்காவது உதவும். சிங்கப்பூர் வேலையை விடும்போது கடைசிச் சம்பளத்தை நம்பிக் கடன் தவணை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நிரந்தரவாசி அல்லாத வெளிநாட்டு ஊழியர் வேலையை விடுகிறார் என்றால், நிறுவனம் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக ஐஆர்21 என்ற படிவத்தை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். விலகல் தெரிந்த நாள் முதல் ஊழியருக்குச் சேர வேண்டிய பணம் அத்தனையையும் நிறுத்தி வைக்க வேண்டும். சம்பளம் மட்டுமன்றி விடுப்புக்கான பணம், மேலதிக நேரப் பணம், ஊக்கத்தொகை எல்லாம் அதில் அடங்கும். ஆணையம் வரியைக் கணக்கிட்டு, எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகே மீதி கைக்கு வரும். நான் வேலையை விட்டபோது நிறுவனத்தில் அந்தப் படிவத்தைத் தாமதமாக அனுப்பினார்கள். ஒரு மாதச் சம்பளமும் பதினொரு நாள் விடுப்புப் பணமும் ஏழு வாரம் கழித்தே வந்தன. அதற்குள் கார் தவணைக்கு மைத்துனரிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று.

பதவி விலகல் கடிதம் கொடுக்கும் அன்றே, வீட்டிலிருந்து வேலை செய்த நாள்களின் பட்டியலையும் மனிதவளப் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள். ஐஆர்21இல் முழுத் தொகையும் சிங்கப்பூர் வருமானமாகப் போய்விட்டால், வேலை விட்ட பிறகு வெளியிலிருந்து திருத்துவது பெரும்பாடு. எனக்கு அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை என்பதே கிடையாது, அதனால் அந்தத் தலைவலி இல்லை.

ஈரில்லக்காரி எழுதியது:

என் கணவர் சிங்கப்பூர் நிரந்தரவாசி, வீடு மலேசியாவின் இஸ்கந்தர் புத்ரியில். அவருக்கும் வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி பிடிக்கப்படுவதால் மலேசியாவில் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்று அவர் நினைத்திருந்தார். அவருக்கும் இதே விதிதானா?

பேரேட்டுக்காரர் எழுதியது:

இதே விதிதான், சகோதரி. சேமநிதி பிடிப்பது குடிநுழைவுத் தகுதியைப் பொறுத்தது. வரியைத் தீர்மானிப்பது அல்ல. நிரந்தரவாசி என்பதால் வேலை மாறும்போது, நாட்டைவிட்டு நிலையாகப் போகாதவரை, ஐஆர்21 தொல்லை இருக்காது என்பது மட்டுமே வேறுபாடு. அவருக்குச் சிங்கப்பூரிலும் வீடு இருந்தால் ஒப்பந்தத்தின் வீட்டுக் கேள்வி ஒரே வரியில் முடியாது. அப்போது நீங்களும் பிள்ளைகளும் எங்கே வசிக்கிறீர்கள் என்பதே முக்கியமாகிவிடும்.

விடியற்காலைப் பயணி எழுதியது:

இன்று காலை மனிதவளப் பிரிவில் பேசினேன். முதலில் தயங்கினார்கள். மலேசியாவில் ஊழியர் வேலை செய்கிறார் என்று எழுத்தில் கொடுத்தால், நிறுவனத்துக்கே அங்கே வரிக்கு உட்பட்ட நிரந்தரத் தொழிலகம் இருப்பதாக வாரியம் எடுத்துக்கொள்ளுமோ என்பது அவர்கள் பயம். இறுதியில், அட்டைப் பதிவின்படி அலுவலகத்துக்கு வந்த நாள் 144, வராத வேலை நாள் 96 என்று மட்டும் குறிப்பிட்டுக் கடிதம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அது போதுமா, ஐயா?

பேரேட்டுக்காரர் எழுதியது:

தொடங்குவதற்குப் போதும். அவர்கள் பயமும் அடிப்படை இல்லாதது அல்ல. நீங்கள் வீட்டிலிருந்து நிறுவனத்தின் பெயரில் வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் பேசி முடிப்பவராக இருந்தால் அதைத் தனியாக யோசிக்க வேண்டும். சரக்கு ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை என்றால் அவ்வளவு கவலை இல்லை. அந்த 96 நாளில் நீங்கள் ஸ்கூடாயில்தான் இருந்தீர்கள் என்பதைக் காட்ட, நிறுவனத்தின் கணினியில் எங்கிருந்து நுழைந்தீர்கள் என்ற பதிவு கிடைக்குமா என்று பாருங்கள். வரி வசிப்புச் சான்றிதழுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், ஏப்ரல் 18க்கு முன் கையில் இருந்தால் நல்லது.

விடியற்காலைப் பயணி எழுதியது:

விண்ணப்பித்துவிட்டேன். இந்த ஆண்டுக்கு மேசை நாள்காட்டியிலேயே வீட்டு நாளுக்கு வட்டம் போடத் தொடங்கியிருக்கிறேன். மார்ச் மாதம் வரை பத்தொன்பது வட்டம்.